கணேஸ்வரனின் மான் விருந்து

செய்யாத ஒரு காரியத்துக்காக ஊர் ஒருவருக்குப் பெயர் கொடுத்துவிட்டால், அவர் அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, அல்லது பிறகாவது அதற்குத் தகுதியானவராக ஆகிவிட்டால் போதுமா? கணேஸ்வரன் இப்படியொரு கேள்வியை வாய்விட்டுக் கேட்டதே கிடையாது. ஆனால் அவருடைய வாழ்க்கையில் கேள்வி என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று அவருடைய மனைவி கனகாம்பிகைக்குத் தோன்றும். பெரும்பாலும் சமையலறையில், விரலில் தேங்காயெண்ணெய்யைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் தோன்றும். தேங்காயெண்ணெய் இதற்குள் எப்படி வந்தது என்பதைச் சொல்ல, முதலில் அவர் எப்படி வேட்டைக்காரர் ஆனார் என்பதைச் சொல்ல வேண்டும்.

கணேஸ்வரனுக்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் வாகனத் தரிப்பிடப் பிரிவில் வேலை. நிறுத்தக் கூடாத இடத்தில் காரை நிறுத்தித் தண்டம் வாங்கியவர்கள், ஏன் நிறுத்தினோம் என்று விளக்கம் எழுதுவார்கள். அதைப் படித்து ஏற்பதோ மறுப்பதோ அவர் பொறுப்பு. தாய்க்குச் சுகமில்லை, நாய்க்குச் சுகமில்லை, பலகையை மரம் மறைத்தது, பலகையைக் கண்டேன் ஆனால் அது எனக்கானது என்று நினைக்கவில்லை. இருபது வருடமாக இவற்றைப் படித்துவந்த மனிதருக்கு விளக்கம் என்ற பொருளின் மேல் மரியாதை மிஞ்சியிருந்தால்தான் ஆச்சரியம். வீட்டில் அவர் எதற்கும் காரணம் சொல்வதில்லை. "ஏன் பிந்திப்போச்சு?" என்று கனகாம்பிகை கேட்டால் "பிந்திப்போச்சு" என்பார்.

அந்த அலுவலகத்தில் கூட வேலை செய்த ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் ஓய்வு பெற்று வடக்கே போனார். போனவர், ஒரு ஒக்டோபர் மாதம் கணேஸ்வரனை அழைத்தார். மலைப்பகுதியில் பெரிய எஸ்டேட் ஒன்றில் தன் உறவினர் ஹேமிஷ் வேட்டை வழிகாட்டியாக இருக்கிறார், செம்மான் பார்க்க வா என்றார். ரெய்னர்ஸ் லேனில் வீடும் கோயிலும் தமிழ்க்கடையும் தவிர வேறெதுவும் பழக்கமில்லாத மனிதர், என்ன நினைத்தாரோ, போனார். திரும்பி வரும்போது ஒரு பை நிறைய மான் இறைச்சியோடு வந்தார். வேறு யாரோ சுட்ட மான். மிஞ்சியதை ஹேமிஷ் கட்டிக் கொடுத்திருந்தார்.

அந்த வருடம் கந்தசஷ்டி விரதம் முடிந்த சனிக்கிழமை, கனகாம்பிகை அதை மிளகும் இஞ்சியும் தூக்கலாகப் போட்டுக் கறி வைத்து நாலைந்து குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஆறு நாள் பாலும் பழமுமாக இருந்தவர்கள். வாயில் வைத்தவுடன் கண் மூடினார்கள். யாரோ கேட்டார்கள்: "அண்ணை, நீங்களே சுட்டதோ?"

கணேஸ்வரன் சிரித்தார். அவ்வளவுதான். ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை அவர்கள் தங்களுக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டு போய், ஹரோ வட்டாரம் முழுக்கப் பரப்பினார்கள். பொய் என்பது சொல்லப்படுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பொய்களில் பாதி, திருத்தப்படாமல் விடப்படுபவை. அவற்றுக்குச் சொந்தக்காரர் யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

அடுத்த ஒக்டோபரில் "அண்ணை எப்ப வேட்டைக்குப் போறார்?" என்று கோயில் வாசலில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் போனார். இந்த முறை வந்த இறைச்சி கனகாம்பிகைக்கு வேறு கதை சொன்னது. காற்றெடுத்து ஒட்டிய பிளாஸ்டிக் பைகள், ஒரே அளவுத் துண்டுகள், ஒரு மயிர்கூட இல்லை. ஒவ்வொரு பையின் மேலும் ஒரு சிறிய சதுரத்தில் எதையோ நகத்தால் சுரண்டிய அடையாளம். பசை இன்னும் கையில் ஒட்டியது. கடைக்காரன் ஒட்டிய விலைத்துண்டு இருந்த இடம்.

 அவள் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து, விரலில் தொட்டு, அந்தப் பசையை ஒவ்வொரு பையாகத் தேய்த்து எடுத்தாள். தேங்காயெண்ணெய்க்குப் போகாத பசை கிடையாது. விருந்து நாளில் சமையலறைக்குள் உதவிக்கு வரும் பெண்களின் கண்ணில் படக் கூடாது அல்லவா. கணவரிடம் இதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இவ்விதமாக அந்தப் பொய்க்கு இரண்டாவது பங்காளியும் சேர்ந்தாள். ஒவ்வொரு வருடமும் பைகள் வந்தன, ஒவ்வொரு வருடமும் எண்ணெய்ப் போத்தல் இறங்கியது.

வெறும் பெயரோடு நிற்பவராக இருந்திருந்தால் கணேஸ்வரனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது. அவரோ அந்தப் பெயருக்குத் தேவையான மற்ற எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். வேட்டைக்காரர்களுக்கான பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினார். மானின் குடல் எப்படி எடுப்பது, நோய் எப்படித் தெரியும் என்பதெல்லாம் படித்தார். சொந்தத் துப்பாக்கிக்கு விண்ணப்பித்தார். வீட்டைப் பார்க்க வந்த பொலீஸ் அதிகாரி மாடிப்படிக்குக் கீழே சுவரோடு ஆணியடித்த இரும்புப் பெட்டியைச் சோதித்து, திருப்திப்பட்டு, திரும்பும் வழியில் சாமியறைக்கு முன்னால் நின்றுவிட்டார். முருகன் கையில் இருந்த பித்தளை வேலைக் காட்டி, "இது கூர்மையானதா?" என்று கேட்டார்.

"அது ஒரு சூரனுக்கு மட்டும்தான்" என்று கணேஸ்வரன் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் லைசென்ஸ் வந்தது.

துப்பாக்கிப் பெட்டியின் சாவி இருக்கும் இடம் மனைவிக்குக்கூடத் தெரியக் கூடாது என்பது விதி. கணேஸ்வரன் அந்த விதியைச் சுத்தமாகக் கடைப்பிடித்தார். அந்த வீட்டில் அவளுக்குத் தெரியாத விஷயம் அது ஒன்றுதான்.

பயிற்சித் திடலில் கடுதாசி இலக்கை அவர் சுட்டால் ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். மலையில் மட்டும் எதுவும் விழவில்லை. ஏன்? பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர். அதற்கு முன் பலவகைச் சீருடைக்காரர்களின் கையில் துப்பாக்கியைப் பார்த்தவர். அதனால்தான் விரல் மடங்கவில்லை என்று சொல்லிவிடலாம். கேட்பவர்கள் உடனே தலையை ஆட்டுவார்கள். ஆனால் கேட்டவுடன் எல்லோரையும் தலையாட்ட வைக்கிற விளக்கத்தைக் கணேஸ்வரனே தன் மேசையில் மறுத்திருப்பார்.

மகள் தனுஷியா மாமிசம், பால், தேன் எல்லாவற்றையும் விட்டவள். வால்தம்ஸ்டோவில் தனியாக இருக்கிறாள். விருந்தன்று வந்தாலும் கறி இருக்கும் அறைக்குள் வரமாட்டாள். "அப்பா, யூ ஆர் எ கில்லர். ஐ லவ் யூ, பட் யூ ஆர்" என்று வாசலில் நின்று சொல்வாள். செய்யாத கொலைக்காகத் திட்டு வாங்கும்போது கணேஸ்வரனின் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். உலகத்தில் அவரை உண்மையான வேட்டைக்காரராக முழுமனதோடு வெறுத்தவள் அவள் ஒருத்திதான்.

இப்படியே போயிருக்கும். யோகராஜா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால்.

யோகராஜா கனகாம்பிகையின் தம்பி. தோர்ண்டன் ஹீத்தில் மொத்த வியாபாரக் கடை வைத்திருக்கிறான். ஒரு விஷயத்தில் தான் இல்லை என்றால் அந்த விஷயமே நடக்கவில்லை என்று நினைக்கிற பிறவி. ஒரு வருட விருந்தில், கை நிறையக் கறியும் சோறுமாகக் குழைத்தபடி அவன் பேச்செடுத்தான்.

"ஒரு விஷயம் கேக்கிறன், குறை நினையாதேங்கோ. அத்தான் இத்தனை வருஷம் போறார். ஒரு போட்டோ இருக்கே? ஒரு கொம்பு இருக்கே? வெள்ளைக்காரன்ர வீட்டில எண்டால் சுவர் நிறையத் தலை தொங்கும்."

"கோயிலுக்குப் போற வீட்டில செத்த தலையோ?" என்றாள் கனகாம்பிகை அவசரமாக.

"அப்ப போட்டோ?"

"மழை" என்றார் கணேஸ்வரன்.

"ஒவ்வொரு வருஷமுமோ?"

"அது ஸ்கொட்லாந்து."

எல்லோரும் சிரித்தார்கள். யோகராஜா மட்டும் விரலை நக்கிக்கொண்டே, "அடுத்த வருஷம் நானும் வாறன் அத்தான். நான் வீடியோ எடுக்கிறன். குரூப்பில போடுவம்" என்றான். மேசையைச் சுற்றிக் கை தட்டினார்கள். கனகாம்பிகை கணவரைப் பார்த்தாள். அவர் தண்ணீர் குடித்து முடித்து, கிளாஸை வைத்து, "வாருமன்" என்றார்.

அந்த வருடம் முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கோயில் வாசலில் "மான்கார அண்ணை" என்று அழைக்கப்படும் மனிதரை, அதே வாசலில் "கடைக்கார அண்ணை" என்று அழைக்கப்போகிறார்கள். அதைத் தாங்குவாரா? அவள் தாங்குவாளா? தம்பியிடம் அவன் தோள் வலியை ஞாபகப்படுத்தினாள். "அக்கா, தோளாலயே மலை ஏறுறது?" என்றான். குளிரைச் சொன்னாள். "கடையில கோல்ட் ரூமுக்க நிக்கிறவன் நான்" என்றான். செப்டெம்பரில் ஒருநாள் கணவரிடமே சொல்லிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இந்த வருஷம் போகாமல் விட்டால் என்ன? முழங்கால் நோ எண்டு சொல்லலாம்."

"முழங்கால் நோகேல்லையே."

"நோகுது எண்டு சொன்னால் ஆர் வந்து பாக்கப்போறாங்கள்?"

அவர் அவளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். பொய்யே சொல்லாத வீட்டில் திடீரென்று பொய்யைக் கேட்டவர்போல. "அப்பிடிச் சொல்லுறது சரியில்லை" என்றார்.

அவள் சமையலறைக்குள் போய், எண்ணெய்ப் போத்தலைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகு திரும்பி வந்து, "அப்ப நானும் வாறன்" என்றாள். என்ன நடந்தாலும் பக்கத்தில் நின்று எதையாவது சமாளிக்கலாம் என்பது அவள் கணக்கு.

மூன்று பேரும் காரில் போனார்கள். யோகராஜா வழி முழுக்கக் குரூப்பில் செய்தி போட்டுக்கொண்டு வந்தான். காலையில் எஸ்டேட் வாசலில் அவன் இறங்கியபோது ஹேமிஷ் அவனை மேலும் கீழும் பார்த்தார். சிவப்பு ஜாக்கெட். தலைக்குச் சிவப்புத் தொப்பி. பத்தடி தூரத்துக்கு வாசனை வரும் சென்ட். ஹேமிஷ் மரியாதையாக ஒரு பழைய பச்சைக் கோட்டை எடுத்துக் கொடுத்தார். சென்ட்டை என்ன செய்வது என்று தெரியாமல் காற்று வரும் திசையைப் பார்த்துக்கொண்டார்.

"வாருங்கள், மிஸஸ் கணேஸ்" என்று அவர் கனகாம்பிகையிடம் கையை நீட்டினார். 

எட்டுச் சக்கர வண்டியில் பள்ளத்தாக்கின் உள்ளே கொஞ்சத் தூரம் போய், அங்கிருந்து நடந்தார்கள். அது நடை என்று கனகாம்பிகை ஒப்புக்கொள்ளமாட்டாள். ஊறிய பஞ்சுமெத்தையின் மேல் படியேறுவது போன்ற ஒன்று. முதல் சதுப்பிலேயே யோகராஜாவின் ஒரு காலணியை நிலம் பிடித்துக்கொண்டது. இரண்டாவது சதுப்பில் அவனே இடுப்புவரை போனான். வெளியே இழுத்தெடுத்தபோது அவன் சட்டைப்பையிலிருந்து முருகன் பாட்டுக் கேட்டது. போன் அடித்தது. எதிர்ச்சரிவில் நின்ற பெண்மான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி, ஒரே நேரத்தில் போய்விட்டன. அதற்குப் பிறகு அந்தப் போன் எதையும் பாடவில்லை. தண்ணீர் உள்ளே போயிருந்தது.

"அத்தான், நான் வண்டிக்குள்ள இருக்கிறன்" என்றான் யோகராஜா, பற்கள் அடித்துக்கொள்ள. "நீங்கள் சுட்டுப்போட்டு வாங்கோ. சத்தம் கேட்டாலே எனக்குக் காணும்."

கனகாம்பிகைக்கு நிம்மதியாக இருந்தது. இனி ஒன்றும் நடக்கத் தேவையில்லை. மான் ஓடிவிட்டது, மழை வந்தது, மூடுபனி இறங்கியது என்று என்னவும் சொல்லலாம். ஒரு வருடம் வெறுங்கையோடு வருவதும் வேட்டைக்காரருக்கு அழகுதான். திரும்பிவிடலாம் என்று அவள் கணவரைப் பார்த்தபோது, அவர் ஏற்கெனவே மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

ஏற ஏற ஹேமிஷ் அவளுடன் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வந்தார். இந்த மலையில் அவளுடைய கணவரைவிட அதிக மான் பார்த்த விருந்தினர் கிடையாதாம். ஒவ்வொரு வருடமும் ஹேமிஷ் அவரைச் சுடுவதற்குத் தோதான தூரம்வரை கொண்டுபோய்ப் படுக்க வைப்பாராம். அவர் நெடுநேரம் துப்பாக்கியின் குறிபார்க்கும் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, "இது வேண்டாம்" என்பாராம். அதோடு இறங்கி வந்துவிடுவார்களாம்.

"நான் கேட்டதில்லை" என்றார் ஹேமிஷ். "அவர் கேட்க வைக்கிற ஆளில்லை."

அப்போது மேலே எங்கோ ஒரு சத்தம் கேட்டது. பழைய லொறி ஸ்டார்ட் ஆக மறுப்பதுபோல. கலைமான்கள் துணைக்காகக் கத்தும் காலம் அது. ஹேமிஷ் கையைக் காட்டினார். எல்லோரும் நிலத்தில் படுத்தார்கள். ஐம்பத்தைந்து வயதில், புடவைக்கடை முதலாளியின் மகளாக வளர்ந்த கனகாம்பிகை, ஈர ஹெதர் புதருக்குள் வயிற்றால் ஊர்ந்தாள். முன்னால் கணவரின் காலணியின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. அது தேய்ந்திருந்தது. இத்தனை வருடமும் அவர் உண்மையிலேயே இங்கே நடந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவள் மனதில் உறைத்தது. பொய்யென்று அவள் மூடி வைத்தவற்றில் நடையும், மழையும், ஊர்தலும் எல்லாம் மெய்.

சரிவுக்கு அப்பால் ஒரு கிழட்டுக் கலைமான் நின்றது. தனியாக. ஒரு பக்கக் கொம்பு பாதியில் முறிந்திருந்தது. இடுப்பெலும்பு தோலுக்கு வெளியே தெரிந்தது. இந்தக் குளிரைத் தாண்டாது, எப்படியும் எடுக்க வேண்டியதுதான் என்று ஹேமிஷ் மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, வழக்கமான பதிலுக்காகக் காத்திருந்தார்.

கணேஸ்வரன் கண்ணாடிக்குள் பார்த்தார். கனகாம்பிகை அவருடைய முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள். வேலையிலிருந்து கொண்டுவந்த கடிதங்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படிக்கும்போது இருக்கும் அதே முகம். கோபமோ இரக்கமோ இல்லை. ஒருவன் சொன்னதைக் கடைசிவரை வாசித்துவிடுகிற பொறுமை மட்டும். கலை தலையைத் திருப்பி அவர்கள் இருந்த பக்கம் பார்த்தது.

வெடிச்சத்தம் மலையில் முட்டித் திரும்பி வந்தபோதுதான் அவர் சுட்டுவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஹேமிஷ் எழுந்து முழங்காலில் ஒட்டிய ஈரத்தைத் தட்டிவிட்டார். பிறகு, "சரி" என்றார்.

குடலை எடுக்கும் வேலையைக் கணேஸ்வரன் தானே செய்தார். பரீட்சையில் கற்றதுதான். ஆனால் இவ்வளவு காலம் கழித்தும் கை தடுமாறவில்லை. கனகாம்பிகை முதலில் வேறு பக்கம் பார்த்தாள். பிறகு பார்த்தாள். எல்லாம் முடிந்ததும் ஹேமிஷ் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் தன் முதல் மானைச் சுட்டால் அதன் இரத்தத்தை முகத்தில் பூசுவார்கள். வீட்டுக்குப் போய்க் குளிக்கும்வரை துடைக்கக் கூடாது. விருப்பமில்லையென்றால் பரவாயில்லை.

முதல் மான். கனகாம்பிகைக்குத் திக்கென்றது. கீழே வண்டிக்குள் யோகராஜா இருக்கிறான். ஊர் உலகமெல்லாம் தெரிந்தவன். "இது முதல் மானுக்கு மட்டும் வைக்கிறதல்லோ?" என்று அவன் ஒரு கேள்வி கேட்டால் போதும். இத்தனை வருட விருந்தும் பொய் என்று நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல் ஆகிவிடும். "வேண்டாமப்பா, வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்று தமிழில் கிசுகிசுத்தாள்.

கணேஸ்வரன் தொப்பியைக் கழற்றினார். ஐயரிடம் திருநீறு வாங்குவதற்குக் குனிவதுபோல் குனிந்தார். ஹேமிஷ் கன்னத்தில் பூசப் போனவர், அந்தக் குனிவைப் பார்த்ததாலோ என்னவோ, நடு நெற்றியில் கட்டைவிரலால் ஒரே ஒரு பொட்டாக வைத்தார்.

இறங்கும் வழியெல்லாம் மழை தூறியது. மழை துடைத்துவிடும் என்று கனகாம்பிகை நம்பினாள். துடைக்கவில்லை. ஓரங்கள் மட்டும் கொஞ்சம் கரைந்தன.

வண்டிக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த யோகராஜா, இழுத்துவரப்பட்ட கலைமானைப் பார்த்தான். "ஐயோ அத்தான்! மெய்யாத்தானே சுட்டுப்போட்டியள்!" என்று கத்தினான். இத்தனை நாள் என்ன நினைத்திருந்தான் என்பது அந்தக் கத்தலிலேயே இருந்தது. பிறகு அவன் பார்வை மேலே ஏறி நெற்றியில் நின்றது. 

யோகராஜாவின் முகம் மாறியது. அவன் போர்வையை விலக்கி எழுந்து நின்று கைகளைக் கூப்பினான்.

"மலையிலயும் சாமி கும்பிட்டுட்டோ சுட்டனீங்கள்? அக்கா, குங்குமம் கொண்டு வந்தனியோ? மழையில கரைஞ்சுபோச்சு பார். எனக்கும் கொஞ்சம் வை அக்கா. அந்தச் சதுப்புக்குள்ளயே போய்ச் சேர்ந்திருப்பன் இண்டைக்கு."

கனகாம்பிகையின் கைப்பையில் உண்மையிலேயே கோயில் குங்குமம் ஒரு சின்னப் பொட்டலமாக இருந்தது. எந்த லண்டன் தமிழ்ப் பெண்ணின் பையில்தான் இல்லை? அதை எடுத்துத் தம்பியின் நெற்றியில் வைத்தாள். அதைப் பார்த்த ஹேமிஷ் தன் தொப்பியைக் கழற்றினார். இவர்களுக்கும் இந்த வழக்கம் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். உண்மை அன்று நடு நெற்றியில் உட்கார்ந்து வெளிப்படையாகவே பயணம் செய்தது. அதை யாரும் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்த ஒருத்தி வாயைத் திறக்கவில்லை.

யோகராஜா கடை இருக்கிறதென்று அடுத்த நாளே ரயிலேறிப் போய்விட்டான். மற்ற இருவரும் இறைச்சி பதமாகத் தொங்கும்வரை தங்கி, ஒரு பின்தொடையை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். "துணை தேடிக் கத்திக்கொண்டிருந்த கிழம். வாடை இருக்கும், கடினமாக இருக்கும். இளசு ஒன்று தரட்டுமா?" என்று ஹேமிஷ் கேட்டார். "இதுதான்" என்றார் கணேஸ்வரன்.

சஷ்டி விரதம் முடிந்த சனிக்கிழமைக்கு முன்னால், கனகாம்பிகை அந்தத் தொடையோடு மல்லுக்கட்டினாள். இந்த முறை தேங்காயெண்ணெய்க்கு வேலையில்லை. ஒட்டியிருந்தது பசையல்ல, மயிர். ஒவ்வொன்றாக எடுத்தாள். துண்டுகள் கோணல்மாணலாக வந்தன. பப்பாசிக்காய் போட்டு ஊற வைத்தாள், மிளகை இரட்டிப்பாக்கினாள், வழக்கத்தைவிட நெடுநேரம் அடுப்பில் விட்டாள். ஆனாலும் அவளுக்கு ஒரு குதூகலம் இருந்தது. முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி பரிமாறப் போகிறாள்.

வீடு நிறைந்தது. விருந்தின் நடுவில் யோகராஜா நின்றான். தொலைபேசி செத்துப்போனதால் வீடியோ இல்லை. அதனால் கதை தடையில்லாமல் வளர்ந்தது.

"நான் அத்தானுக்குப் பக்கத்தில படுத்திருக்கிறன். மூச்சு விடேல்லை. மான் எங்களையே பாக்குது. நான் மெல்லச் சொன்னன், அத்தான், இப்ப எண்டு. டப்!"

"நீயும் ஊர்ந்தனியோ யோகன்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

யோகராஜா சிரித்தான்.  அந்தச் சிரிப்பைக் கனகாம்பிகை அறிவாள். பல வருடத்துக்கு முன் அதே மேசையில் அது முதன்முதலாகச் சிரிக்கப்பட்டது. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் மைத்துனரைத் திருத்தவில்லை. கொஞ்சம் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"முருகன்ர மாமியாரையெல்லோ சமைச்சுப்போட்டியள்" என்றார் ஒருவர். வள்ளி மான் வயிற்றில் பிறந்த கதையை வைத்து ஒவ்வொரு வருடமும் சொல்லப்படும் பகிடி.

"பயப்படாதேங்கோ, இது ஆண் மான். மாமனார்தான்" என்றான் யோகராஜா.

சாப்பிட உட்கார்ந்தார்கள். முதல் கவளத்துக்குப் பிறகு வழக்கமாக வரும் "ஆஹா" வரவில்லை. மென்றார்கள். இன்னும் மென்றார்கள். கிருஷ்ணமூர்த்தி சென்னையிலிருந்து வந்து குடியேறியவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ருசியில் சமரசம் செய்யாதவர். அவர் தாடையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"கணேஸ், தப்பா நினைக்காதீங்க. போன வருஷம் வெண்ணெய் மாதிரி இருந்துச்சு. இந்த வருஷம் கொஞ்சம்... வாசனையும் வேற மாதிரி இருக்கே?"

"ஓம், எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு" என்றது இன்னொரு குரல். "அக்கா, சமையல் கைமாறிப்போச்சோ?"

அகப்பையோடு நின்ற கனகாம்பிகையின் முகம் சூடாகியது. எல்லோரும் கணேஸ்வரனைப் பார்த்தார்கள். அவள் இன்னும் ஆவலாகப் பார்த்தாள். இப்போது சொல்லலாம். இதுதான் மலை மான், அதுதான் இப்படி இருக்கிறது என்று ஒரு வரி போதும். அப்போது யாராவது, அப்படியென்றால் மற்ற வருடங்கள் ஏன் வெண்ணெய் மாதிரி இருந்தன என்று கேட்கலாம். கேட்கட்டுமே. அன்று அவள் அதற்கும் தயாராக நின்றாள்.

கணேஸ்வரன் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

"இது கடையில வாங்கினது" என்றார். "அந்த மான் எஸ்டேட்டுக்குப் போயிட்டுது. வரேக்கை வழியில ஒரு கடையில எடுத்தனாங்கள். ஏமாத்திப்போட்டாங்கள் போல."

மேசை முழுக்க ஒரு நிம்மதி பரவியது.

"அதானே பார்த்தேன்!" என்றார் கிருஷ்ணமூர்த்தி. "ஆமா, நாக்குக்குத் தெரியாதா? நீங்க சுட்ட மானே வேற. போன வருஷம் சாப்பிட்டது காட்டு மான்னா, இது ஏதோ பண்ணையில அடைச்சு வச்ச கிழடு."

"கடைச் சாமான் கடைச் சாமான்தான்" என்றான் யோகராஜா, மொத்த வியாபாரி. எல்லோரும் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டுச் சொதிக்கும் அப்பளத்துக்கும் போனார்கள். பழைய வருடங்களின் மான்களைப் பற்றி ஆசையோடு பேசினார்கள்.

கணேஸ்வரன் மட்டும் தட்டை நீட்டி இன்னொரு அகப்பை கேட்டார். அவள் போட்டாள். அவர் கடைசி எலும்புவரை சாப்பிட்டார்.

வந்தவர்கள் போன பிறகு, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே அவள் கேட்டாள்: "ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"தேத்தண்ணி இருக்கே?" என்றார் அவர்.

தொடையில் மிச்சமிருந்ததை அவர் யாருக்கும் கொடுக்கவிடவில்லை. சில வாரங்கள், சனிக்கிழமைகளில், தானே எடுத்துச் சமைத்துத் தானே சாப்பிட்டார். அவளுக்கும் ஒரு துண்டு வைத்தார். கடினமாகத்தான் இருந்தது.

அடுத்த ஒக்டோபரில் அவர் தனியாக வடக்கே போனார். திரும்பி வந்து குளிர்பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். கனகாம்பிகை திறந்து பார்த்தாள். காற்றெடுத்த பைகள், ஒரே அளவுத் துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் நகத்தால் சுரண்டிய சின்னச் சதுரம்.